எட்டுப் படங்களிலும் ஒரே கிணறு

கிளிநொச்சிக் கல்விக் கந்தோரில், கையில் பள்ளிக்கூடத்துக்கான வெண்கட்டிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. பெட்டிக்குக் கையெழுத்து வைக்க வேண்டிய கிளாக்கர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். சும்மா நிற்க எனக்கு வராது. திறந்து கிடந்த அலுமாரிக்குள் கையை விட்டு அடித்தட்டில் கிடந்த தடித்த புத்தகம் ஒன்றை இழுத்தேன். கறையான் மண் பொலபொலவென்று காலில் கொட்டியது. துணி மட்டை போட்ட பழைய அரசாங்க அறிக்கை. முன்பக்கங்கள் போய்விட்டதால் எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கோ ஒரு பழைய குடியிருப்பைத் தோண்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. கடைசியில், கறையானுக்கு ருசிக்காத வழுவழுப்புத் தாளில், படங்கள் முழுசாக இருந்தன.

சவர்க்காரக் கட்டி வெட்டினது போல் சதுரமாக வெட்டிய குழிகள். குழிச் சுவரில் கறுப்பும் சாம்பலுமாக மண்ணின் அடுக்குகள். தொப்பி போட்ட துரை ஒருவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். ஒரு படத்தில் பெரிய பானை ஓடு. அதன் கழுத்தைச் சுற்றி விரலால் அழுத்திய பள்ளங்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அதே ஓடு அக்கராயனில், எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வாய்க்கால் வெட்டிப் போட்ட மண்ணில் கிடக்கிறது. அதைக் காலால் தட்டிக்கொண்டு நான் நடந்திருக்கிறேன்.

எங்களிடமும் இருக்கிறது. நான் படம் எடுப்பேன். இவ்வளவுதான் அந்த எண்ணம்.

கிளாக்கர் திரும்பி வந்தார்.

"உதை ஏன் காணும் கிளறுறீர்? கறையான் கடிக்கும்."

"ஐயா, இதை நான் கொண்டு போகலாமோ?"

"கொண்டு போம். கறையானையும் சேர்த்துக் கொண்டு போம்."

கொண்டுவந்தேன். அந்த எண்ணத்தால் ஒரு வீட்டுக் கிணறு இன்று அள்ள ஆளில்லாமல் கிடக்கிறது. கறையானிடமே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். நினைத்து என்ன?

எனக்கு வயது இருபத்திரண்டு. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்து, பயிற்சியும் முடித்து, முதல் நியமனமாக இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவன். இங்கே இருப்பவர்களும் பெரும்பாலும் அங்கிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்கிறவர்கள்தான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய அறையில் படுக்கை. பள்ளிக்கூடம் விட்டபிறகு செய்ய ஒன்றுமில்லை. கொழும்பில் வேலை பார்க்கும் அத்தான் தந்த பெட்டிக் கமரா ஒன்று இருந்தது. அதில் அதுவரை எடுத்ததெல்லாம் குரங்கும் குளக்கட்டும்தான்.

முதலில் பிள்ளைகளிடம் சொன்னேன்: பழைய ஓடு கண்டால் கொண்டு வாருங்கள். அடுத்தநாள் மேசை நிறைய ஓடு. அரைவாசி அவரவர் வீட்டுக் குசினியிலிருந்து வந்தவை. மூன்றாம் நாள் ஒரு தாய் பள்ளிக்கூட வாசலில் நின்றா.

"மாஸ்டர், நீங்கள் ஓடு கேட்டனீங்களாம். என்ர புதுச் சட்டியும் இப்ப ஓடாப் போச்சு. உள்ளுக்கை இருந்த கறிக்கும் உங்களுக்குத் தேவையிருக்கோ?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குவியலுக்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த துண்டு ஒன்று இருந்தது. விரல் தடிப்பில் விளிம்பு. கழுத்தில் அழுத்திய பள்ளங்கள். அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளின் வீட்டுக்குப் போனேன்.

குளத்துப் பக்கமாகக் கடைசிக் காணி அவர்களுடையது. தகப்பன் வாழைக்குக் கிடங்கு வெட்டியபோது மண்வெட்டியில் பட்ட ஓடு அது. கிடங்கைக் காட்டினார். அடியில் ஒரு பெரிய தாழியின் வாய், நிலவு போல் வட்டமாக, மண்ணுக்குள் தெரிந்தது. நான் கிடங்குக்குள் குதித்துவிட்டேன். அவர் மனைவி வேலியடியில் நின்று சிரித்தா.

"தம்பி, வேட்டி! வேட்டி! நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்னத்தைக் கட்டுவியள்?"

அன்றிலிருந்து அவர்கள் எனக்கு அண்ணையும் அக்காவும். நான் அவர்களுக்குத் தம்பி.

அந்தக் காணியின் பெருமை வாழையுமல்ல, தாழியுமல்ல; கிணறு. திட்டத்தில் வெட்டிக் கொடுத்த பொதுக்கிணறு சவர், வாயில் வைக்க முடியாத உப்பு. குளத்துத் தண்ணீர் கோடையில் கலங்கிப் பச்சையாகிவிடும். அண்ணையும் அக்காவின் கூடப்பிறந்த தம்பியும் இரண்டு பேராக நின்று வெட்டிய இந்தக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். விடிந்தால் பொழுதுபட்டால் கிணற்றடி நிறையக் குடங்கள். அக்கா நடுவில் நிற்பா. "முதல் அந்தப் பிள்ளைத்தாச்சியை அள்ள விடுங்கோ" என்பா. "கயிறை ஈரமாப் போட்டிட்டுப் போகாதையுங்கோ, உக்கிப்போம்" என்பா. ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் பிறக்கும். இந்தப் பெண்ணுக்கு இந்தச் சத்தம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கொழும்பிலுள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதினேன். நாலாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. வைகாசியில் ஒரு அதிகாரி இரண்டு வேலையாட்களோடு வந்து இறங்கினார். ஒன்பது நாள் நின்றார். வாழைக்கிடங்கைப் பெரிதாக்கி ஒரு குழி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்று தாழிகள். ஒன்றுக்குள் சாம்பல் மண்ணோடு எலும்புகள். ஒரு தாடை, பல்லோடு. இறந்தவர்களை இப்படித் தாழியில் வைத்துப் புதைத்த காலம் ஒன்று இருந்தது என்றும், இதே இடத்தில் அந்த ஆட்கள் குடியிருந்திருக்கவும் வேண்டும் என்றும் அவர் சொன்னார். படம் எடுக்க எனக்கு அனுமதியும் தந்தார்.

"எடும். ஆனா எலும்பைப் பற்றி வெளியில கனக்கக் கதைக்காதையும். சனம் இருக்கிற இடம். என்ன விளங்குதோ?"

"ஓம் சேர்" என்றேன். விளங்கவில்லை. விளங்கியிருந்தும் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை.

ஒரு சுருளுக்கு எட்டுப் படம். இரண்டாவது சுருள் வாங்க வழியில்லை. ஆகவே எட்டையும் ஒழுங்காக எடுக்க வேண்டும் என்று கந்தோர்ப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தேன். அதில் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்தேன். துரையின் படங்களில் குழிகள் மாறினாலும், பின்னால் ஒரு ஓலை வீடு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அசையாத ஒரு பொருளைச் சேர்த்து எடுத்தால்தான் பிறகு வருகிறவன் இடத்தைத் தவறாமல் கண்டுபிடிப்பான். என்ன கெட்டித்தனம்! என் குழிகளுக்கு அசையாத பொருள் எது? கிணறுதான். வாளி கட்டி அள்ளுகிற உயரமான துலா வேறு.

அக்காவிடம் கேட்டேன்.

"கிணறும் விழட்டும் தம்பி. நாங்கள் வெட்டினதெல்லே" என்றா. அடுத்தநாள் காலை நான் போனபோது, முழங்கை வரை சுண்ணாம்போடு நின்றா. கிணற்றுக் கட்டைச் சுற்றிவர வெள்ளையடித்திருந்தா. "படத்தில வடிவா இருக்கோணும்."

வடிவாகத்தான் வந்தது. யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் கழுவி, பெருப்பித்து எடுத்துக்கொண்டு, ரயிலில் பளை தாண்டும்வரை அந்தக் கடதாசி உறையை நான் நாலு தரம் திறந்து பார்த்தேன். முன்னால் குழி. குழிக்குள் தாழி, எலும்பு, நெல் உமியைக் கூட எண்ணலாம் போல் அவ்வளவு தெளிவு. அதற்கு நேர் மேலே, பளிச்சென்று வெள்ளையாக, கிணறு. தரையோடு கமராவை வைத்துப் பதிந்து எடுத்ததால், இடையில் கிடக்கிற நிலம் முழுவதும் மடிந்து காணாமல் போயிருந்தது. எலும்பு கிணற்று விளிம்பில் இருப்பது போல் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. இன்னும் அழுத்தமாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டேன்.

ஆடியில் கூப்பன் அரிசி கொடுக்கும் நாளாகப் பார்த்துப் படங்களைச் சங்கக்கடைச் சுவரில் மாட்டினேன். அன்றைக்குத்தான் ஊர் முழுவதும் கடைக்கு வரும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அழகான எழுத்தில் விளக்கம்: தாழி, தாழிக்குள் மனித எலும்பு, கிணறு தெரியும் திசை வடக்கு. பக்கத்தில் தடியோடு நான்.

சனம் தாழியைப் பார்க்கவில்லை. முதலில் பார்த்தது கிணற்றை.

"இது உவையின்ர துலாவெல்லே?" என்றார் ஒருவர்.

"ஓம் ஓம், அதேதான்! எல்லாப் படத்திலையும் இருக்கு, பாருங்கோ" என்றேன். அடையாளம் கண்டுவிட்டார்களே என்று எனக்குச் சந்தோசம், ஒரே புளுகம்.

மனேச்சரின் மனைவி, எனக்குச் சோறு போடுகிற மாமி, அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா.

"மாஸ்டர், அப்ப கிணத்துக்குள்ளையும் இருக்குமோ?"

இல்லை என்று எனக்குத் தெரியும். கிணறு வெட்டின அண்ணையே என்னிடம் சொல்லியிருக்கிறார்: மேலே சிவப்பு மண், பிறகு களி, பிறகு கல், ஒரு ஓடுகூட வரவில்லை. ஆனால் சுற்றிவர முப்பது நாற்பது பேர் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் தோண்ட வேண்டும், அதிகாரி திரும்பி வர வேண்டும், இந்த ஊரின் பெயர் புத்தகத்தில் வர வேண்டும் என்ற ஆசை தலைக்கு ஏறி நிற்கிறது.

"இருக்கலாம் மாமி. தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

சொன்னது இவ்வளவுதான். அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட முழுசாகத் தேவைப்படவில்லை.

பத்து நாள் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. விளக்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பின்னேரம் அந்தப் பக்கம் போனேன். வழக்கமாகக் கிணற்றடிக்கு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும், அவ்வளவு சேறு. அன்று மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஒரு கோழி அதில் குழி பறித்துப் படுத்திருந்தது. அக்கா கிணற்றுக் கட்டில் தனியாக இருந்தா. வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருந்தது, தேய்க்க ஆளில்லை.

"வாங்கோ வாத்தியார்" என்றா.

என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற வாய்.

"என்னக்கா, ஒருத்தரையும் காணேல்லை?"

"வருகினமில்லை."

"எப்ப தொடக்கம்?"

"உங்கட படம் பாத்த நாள் தொடக்கம். முதல் நாள் நாலு பேர் வந்தவை. அடுத்த நாள் ஒராள். இப்ப குளத்துக்குப் போகினம். ஒரு மைல் கட்டை தூரம், பச்சைத் தண்ணி."

நான் படபடவென்று பேசத் தொடங்கினேன். எலும்பு மிகப் பழையது, அதில் நோய் ஒன்றும் இல்லை, அதிகாரியே ஒன்பது நாளும் இந்தத் தண்ணீரைத்தானே குடித்தார், நான் எல்லோருக்கும் விளங்கப்படுத்துகிறேன். அவா கையை உயர்த்தினா.

"எலும்பைப் பற்றிச் சொல்லாதையுங்கோ. எலும்பு அவைக்கு ஒரு சாட்டு."

பிறகு அவா சொன்னதை நான் இங்கே அப்படியே எழுத முயல்கிறேன். எவ்வளவு சரியாக வருமோ தெரியாது.

"அங்க எங்கட ஊரில கிணத்தடிக்கு வெளியில குடத்தை வச்சிட்டு நிப்பம். ஆராவது வந்து அள்ளி ஊத்துவினம். வராட்டி நிக்கிறதுதான். வெயில் உச்சிக்கு வரும்மட்டும் நிண்ட நாளும் இருக்கு. கயிறைத் தொடேலாது. இஞ்ச வந்து அவர் முதல் செய்தது கிணறுதான்; வீடு பேந்துதான். தண்ணி வந்து ஒரு மாசம் ஒருத்தரும் வரேல்லை. பேந்து பொதுக்கிணறு சவர் பிடிச்சுது. ஒருநாள் காலமை எழும்பி வாறன், மூண்டு பேர் நிண்டு எங்கட கயிறில அள்ளுகினம். என்னட்டைக் கேக்கக்கூட இல்லை. கேக்காமல் அள்ளினதுதான் எனக்குச் சந்தோசம். வீட்டுக்குள்ள போய் இவரை எழுப்பி, ஓசைப்படாமல் வந்து பாருங்கோ எண்டனான்."

கோழி எழும்பி உதறிக்கொண்டு போயிற்று.

"அவை மனமில்லாமல்தான் அள்ளினவை எண்டு எனக்குத் தெரியும். ஆனா அள்ளினவை. அள்ள அள்ளப் பழகிப்போயிருக்கும். நிப்பாட்ட ஒரு சாட்டுத் தேவையா இருந்தது. சாதியைச் சொல்லி நிப்பாட்ட ஆருக்கும் வாய் வராது, இந்தக் காலத்தில. நீங்கள் எடுத்துக் குடுத்தனீங்கள். படமும் போட்டு."

அவா விடவில்லை.

"வாத்தியார், நீங்கள் இப்ப எங்க தண்ணி குடிக்கிறியள்?"

மனேச்சர் வீட்டில்தான். மாமி செம்பில் தருவதை வாங்கிக் குடிப்பேன். எங்கே அள்ளியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு கிழமையாக அதில் ஒரு பாசி மணம் இருந்தது. அதையும் குடித்திருக்கிறேன். சைக்கிளை எடுத்தேன்.

நேராகச் சங்கக்கடைக்குப் போய்ப் படங்களைக் கழற்றினேன். மனேச்சர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர்? கிடக்கட்டுமே. வெளியூர்ச் சனமும் வந்து பாக்குது. விசுவமடுவில இருந்தும் ஒராள் வந்தவர்."

"மனேச்சர், அந்தக் கிணத்தில ஒரு பிழையும் இல்லை. எலும்பு எங்கையோ, கிணறு எங்கையோ. நான் அண்டைக்குச் சொன்னது பொய்."

"அது எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சோ?"

"காணி தெரியாதே எனக்கு? கிணறு மேட்டில, கிடங்கு பள்ளத்தில. தண்ணி என்ன மேல ஏறியே போகும்?" சிரித்தார். நல்ல மனிதர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவிரவாக இருந்தவர். "என்ர மனுசி முந்தியும் மனமில்லாமத்தான் அங்க போனவா. இப்ப நிம்மதியா இருக்கிறா. ஏன் சும்மா கிளறுறீங்கள்?"

அவர் சத்தமாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அரிசியில் கல் கிடக்கிறது என்று சொல்வது போல் சொன்னார். அன்று இராச்சாப்பாட்டையும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என்ன நடந்தது என்பதும் அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. நினைக்கத் தேவையில்லாமல் இருந்தது. எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். வேலிக்கு வெளியே ஒரு பெண் இரண்டு கையையும் குவித்து நிற்கிறா. பெரியவர்கள் ஒருவரும் இல்லை. நான் வாளியைத் தூக்கி ஊற்றுகிறேன். வாளி அவாவின் கையில் முட்டக்கூடாது என்று சொல்லி வளர்த்ததால் உயர்த்திப் பிடிக்கிறேன். கை உளைகிறது. தண்ணீர் அவாவின் கையில் பட்டுச் சிதறி முகமெல்லாம் அடிக்கிறது. எனக்கு அது விளையாட்டு. இன்னும் உயர்த்துகிறேன். அவாவும் சிரித்தா. ஏன் சிரித்தா என்று இவ்வளவு காலமும் நான் கேட்கவில்லை.

கந்தோர்ப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இந்தமுறை குழிகளைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஓலை வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் புரட்டினேன். முதற் படத்தில் வாசலில் ஒரு உரல். ஏழாவதில் உரல் இல்லை. பன்னிரண்டாவதில் கூரையில் பாதி இல்லை. கடைசி மூன்று படங்களிலும் வீடே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு குழி, சதுரமாக, துப்புரவாக. கீழே உள்ள விளக்கத்தில் குழியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருக்கிறது. வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அசையாத பொருள் என்று நான் மெச்சியது ஒரு குடும்பத்தின் வீட்டை. அது அசைந்தது. துரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

எனக்கு வந்த புத்தியும் துரையின் புத்திதான். இன்னொரு படம் எடுத்துச் சரிப்படுத்தலாம் என்று நினைத்தேன். பக்கவாட்டில் நின்று, கிணற்றையும் கிடங்கையும் தூரத்தோடு காட்டி ஒரு படம். மூன்றடி கொண்ட ஒவ்வொரு யாருக்கும் ஒரு முடிச்சுப் போட்ட கயிறோடு போன சனிக்கிழமை அவர்களின் காணிக்குப் போனேன். அண்ணை ஒரு முனையைப் பிடித்தார். ஐம்பத்தேழு முடிச்சு.

"ஐம்பத்தேழு யார், அண்ணை! இதைப் படமாக் காட்டினா ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

அவர் கயிற்றைச் சுருட்டி என் கையில் தந்தார்.

"தூரத்தை அளந்து என்ன செய்யிறது? அவைக்குத் தூரம் தெரியாதே? தெரிஞ்சுதான் நிக்கினம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

வீட்டுக்குள்ளிருந்து அக்கா சொன்னா, வெளியே வராமலே:

"படம் வேண்டாம். தண்ணியைக் கொண்டு போங்கோ."

"எனக்குத்தானே அக்கா? கட்டாயம். இண்டையில இருந்தே."

"உங்களுக்கு மட்டுமெண்டா, வாத்தியார் ஒராள் விசர் எண்டு விட்டிடுவினம். பள்ளிக்கூடத்தில உங்கட வகுப்புப் பிள்ளையள் குடிக்கிற பானைக்குக் கொண்டு போங்கோ."

பிள்ளைகள் குடிக்கும் பானைக்கு இப்போது பள்ளிக்கூடக் காவற்காரர் குளத்துத் தண்ணீர்தான் கொண்டுவருகிறார். எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. எனக்கு எப்போதும் உடனே ஒன்று தோன்றும்.

"விடிய முந்தி வந்து கொண்டுபோய் ஊத்திவிடுறன். ஒரு மாசம் குடிச்ச பிறகு சொல்லுவம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை எண்டு காட்டலாம்."

அவா அப்போதுதான் வெளியே வந்தா. கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"ஒளிச்சு ஊத்திறதெண்டா வரவேண்டாம். என்ன, நஞ்சே குடுக்கிறம்? எங்கட கிணத்துத் தண்ணி எண்டு சொல்லிப்போட்டு ஊத்துங்கோ. குடிக்கிறவை குடிக்கட்டும். குடிக்காதவை வீட்டை போய்க் குடிக்கட்டும். என்ர பிள்ளையும் அந்த வகுப்பிலதானே இருக்கிறாள், பாத்துக்கொண்டு இருப்பாள். உங்களால ஏலுமெண்டாச் செய்யுங்கோ. ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ."

அந்தப் பிள்ளையின் முன்னால் வகுப்பில் மற்ற இருபத்தெட்டுப் பேரும் பானையைத் தொடாமல் இருந்தால்? அதைத்தான் இந்த ஒரு கிழமையும் யோசித்தேன். மனேச்சரின் மகனும் அதே வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறான். அவர்கள் வீட்டுச் சாப்பாடு எனக்கு நின்றுபோகலாம். பெற்றோர் எழுதிப் போட்டால் வேறு ஊருக்கு மாற்றமும் வரலாம். இதையெல்லாம் விட எனக்குப் பயம் அந்தச் சிறுமியின் முகம்தான். முதற்தரம் நான் செய்த பிழை அவளின் தாய்க்கு. இரண்டாந்தரம் பிழைத்தால் அது அவளுக்கு, அவளின் கண் முன்னால்.

நேற்றுத் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"நீர் சொன்னது எனக்குக் கேக்கேல்லை."

"திரும்பச் சொல்லட்டோ சேர்?"

"வேண்டாம். கேக்கேல்லை எண்டு சொல்லுறன், விளங்கேல்லையோ? கேட்டா நான் மறிக்கவேணும்." கண்ணாடியை மாட்டினார். "மாற்றம் வந்தா மட்டும் என்னட்டை வந்து நிண்டு அழக்கூடாது."

காவற்காரருக்கும் சொல்லிவிட்டேன். தண்ணீர் காவும் சுமை மிச்சம் என்று அவருக்குச் சந்தோசம், வேறொன்றும் கேட்கவில்லை.

இன்று சனிக்கிழமை. இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிள்ளைகளின் தண்ணீருக்கு என்று புளி போட்டு, சாம்பல் போட்டு, மணம் போகும்வரை கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, குளத்துக்குப் போகிற பெண்கள் எதிரே வருகிற நேரத்தில், பெரிய வீதியால்தான் வரப்போகிறேன். வகுப்பில் முதலில் இரண்டு விசயம் சொல்ல வேண்டும். சங்கக்கடையில் நான் சொன்னது பொய் என்பது ஒன்று. இந்தத் தண்ணீர் யாருடைய கிணற்றில் அள்ளியது என்பது மற்றது. சொல்லி முடித்தபிறகுதான் பானைக்குள் ஊற்றுவேன். முதற் குவளையை நான் குடிப்பேன். அதற்குப் பிறகு பானையைத் தொட்டுப் பார்க்கவோ, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவோ மாட்டேன். கணக்குப் பாடத்தைத் தொடங்கிவிடுவேன். ஒருவரும் குடிக்காவிட்டால் பின்னேரம் அந்தத் தண்ணீரை வெளியில் கொட்டமாட்டேன். என் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் குடித்து முடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை திரும்பவும் அள்ளப் போவேன்.

அள்ளித் தரமாட்டேன், நீங்களே அள்ள வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறா. எங்கள் வீட்டில் கப்பிதான். துலாவில் அள்ளி எனக்குப் பழக்கமில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கையில் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு முழிக்கக்கூடாது. நாளைப் பின்னேரம் போய், இரண்டு மூன்று வாளி அள்ளிப் பழகிப் பார்க்கப் போகிறேன்.